பதினொன்றாவது பெயர்

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு இருந்து படித்தவர்களே, உங்களில் பாதிப்பேருக்கு இப்போது முழங்கால் நோவு, மற்றப் பாதிக்குச் சீனி வருத்தம். எனக்கு இரண்டும் இருக்கிறது. ஆனால் ஞாபகத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற இடத்தில், ஒரு கலியாண வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்தோம். பழைய காலக் கதை வந்தபோது ஒருத்தி சொன்னாள்: "எங்களுக்கு அந்த நேரம் ஒண்டும் தெரியாதுதானே. சின்னப்பிள்ளையள்."

நான் அப்போது வாய் திறக்கவில்லை. வாயில் வடை இருந்தது. அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். எங்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதாய் இருந்த அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

தெற்கு லண்டன் நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் கதிரை, சோபா எதுவும் இல்லை. "ரெண்டு வருஷத்தில ஊருக்குப் போயிடுவம். என்னத்துக்குச் சாமான் வாங்கிச் சேர்க்கிறது?" என்பார் அப்பா. அதையே நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார். பெற்றோல் செட்டில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே, ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கலாம் என்று அம்மாவோடு யோசிப்பார்.

அந்த முன்னறையில் இரண்டு சாமான்கள்தான் இருந்தன. ஒன்று அம்மாவின் தமிழ் ரைப்ரைட்டர். யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்தவர் அம்மா. மற்றது கையால் சுற்றி அச்செடுக்கும் ரோனியோ மெஷின். அதன் மை மணம் வீட்டுச் சுவரில் ஏறி, என் பள்ளிக்கூட உடுப்பிலும் ஏறியிருந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளை மூக்கைச் சுருக்குவாள். கறி மணம் என்று நினைத்திருப்பாள்.

இளைய ஆட்களும் வாசிக்கக்கூடும் என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது இயக்கம் என்றால் ஒன்று அல்ல. ஊரில் தனிநாடு கேட்டுத் துவக்குத் தூக்கிய இயக்கங்கள் பல இருந்தன. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது, அதைத்தான் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடு மற்றொன்றின் வீடு. அதன் லண்டன் செய்தித்தாள் எங்கள் முன்னறையில்தான் பிறந்தது. கணக்கியல் படிக்க வந்த ஒருவர் அதற்குப் பொறுப்பு. எல்லோரும் அவரைப் 'பொறுப்பாளர்' என்று கூப்பிட்டார்கள். நீளக் கழுத்து, எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் எழுதித் தருவார், அம்மா தட்டுவார், அப்பா மெஷினைச் சுற்றுவார், நான் தாள்களை மடிப்பேன்.

மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் நாடா இல்லாமல் தட்டவேண்டும். எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிழை விட்டால் இளஞ்சிவப்பு மருந்து பூசி, காயவிட்டு, மேலே திரும்பத் தட்டவேண்டும். எங்கள் வீட்டில் அந்த மருந்துப் போத்தல் திறக்காமலே இருந்தது. அம்மா பிழை விடுவதில்லை.

அம்மாவுக்கு ஒரு தம்பி. எனக்கு மாமா. நாங்கள் லண்டனுக்குப் புறப்பட்டபோது அவர் விமான நிலையம் வரை வந்து, என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடனமாடிக் காட்டியவர். பிறகு இயக்கத்துக்குப் போய்விட்டார். அவர் எங்கள் இயக்கத்தில் இருக்கிறார் என்பதால்தான் அந்த முன்னறையே எங்கள் வீட்டில் அமைந்தது.

அந்த வருஷம் தை மாதம் லண்டனில் நல்ல பனி. வடக்கு லண்டன் எட்மண்டனில் ஒரு மாமி இருந்தார். சேலை வாங்க அடிக்கடி மெட்ராஸ் போய் வருவார், இயக்கங்களுக்கு அங்கே கந்தோர்கள் இருந்தபடியால், வரும்போது ஊரிலிருந்து எல்லாரும் எழுதிய கடிதங்களையும் கொண்டுவருவார். அம்மாவுக்கு வந்த கடிதத்துக்குள் எனக்கென்று நாலாக மடித்த ஒரு சின்னத் தாள். அம்மா அதைப் பிரித்துப் பார்க்காமல் என்னிடம் தந்தார். அம்மாவிடம் அந்த மரியாதை இருந்தது.

மாமா எழுதியிருந்தார்: "இங்கே எல்லாருக்கும் வேறு பெயர் வைக்கவேணும். எனக்கு ஒரு நல்ல பெயராய் நீ வைத்து அனுப்பு. ஆனால் ஒருத்தருக்கும் சொல்லாதே. அக்காவுக்குச் சொன்னால் அவ பயத்தில் யாருக்கென்றாலும் சொல்லிப்போடுவா. பிறகு ஆமி வந்து ஊரில் எங்கட வீட்டைக் கொளுத்தும்."

நான் யன்னலால் பார்த்தேன். தெரு முழுக்க வெள்ளை. அன்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அரசனுக்கு வேறு சொற்கள் படித்திருந்தோம். பனிவேந்தன் என்று எழுதி, தாளை மடித்து ஒட்டி, அம்மாவின் பதிலோடு வைத்து அனுப்பினேன்.

மாசி முடிய அடுத்த தாள் வந்தது. "பனிவேந்தன் எண்டு கூப்பிட எல்லாரும் சிரிக்கிறாங்கள். சிரிக்கட்டும். வெயிலில வேர்த்து ஒழுகேக்க அந்தப் பேரைக் கேட்டா ஒருக்கால் குளிருது. மாத்தமாட்டன்."

அந்தத் தாளை நான் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும் திகதியில் அப்பா மிகக் கண்டிப்பு. ஒரு நாள் என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிந்தவில்லை என்று பெருமையாகச் சொன்னார். நான் ஓடிப்போய்த் தேடினேன். புத்தகம் தட்டில் இருந்தது, தாள் இல்லை. முதல் தாளை ஏற்கெனவே கிழித்துப் போட்டிருந்தேன், ஒருத்தருக்கும் சொல்லாதே என்று அதில் இருந்தபடியால்.

அந்தக் காலத்தில் இயக்கங்கள் ஒன்றுசேர்ந்துவிட்டன என்று பெரிய பேச்சு. தலைவர்கள் கைகோத்து நிற்கும் படம் ஒன்றை அப்பா பத்திரிகையில் வெட்டி முன்னறைச் சுவரில் ஒட்டினார். பெரிய தெருவில் தமிழ்ச் சாமான் கடை வைத்திருந்த அண்ணை மற்ற இயக்கத்தின் ஆள், பின்னால் மிஞ்சியதே அந்த இயக்கம். அவர் எங்கள் வீட்டு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து அம்மாவின் இடியப்பம் சாப்பிடுவார். "ஒரே குடும்பம் அண்ணை. பேர்தான் வேற வேற," என்பார் அப்பாவிடம். அப்பா தலையாட்டுவார். என்னை அவர் 'குஞ்சு' என்றுதான் கூப்பிடுவார். கடைக்குப் போனால் எள்ளுருண்டை ஒன்று கையில் விழும்.

சித்திரை முடிந்து வைகாசி தொடங்கும் நேரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெலிபோன் அடித்தது. அப்பா வேலையில். அம்மா பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"தங்கச்சி, பெரியாக்கள் இல்லையோ?"

"அம்மா வெளியில நிக்கிறா. கூப்பிடட்டோ?"

"வேண்டாம், லைன் அறுந்துபோம். மெட்ராஸிலயிருந்து கதைக்கிறன். பேப்பர் பேனை எடும். நான் சொல்லுறதை அப்பிடியே எழுதும்."

பெயர்களாகச் சொல்லத் தொடங்கினார். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் எழுதினேன். அதுதான் எனக்கு வேகம். ஒவ்வொரு பெயருக்கும் இலக்கம் போட்டேன். பத்தாவது பெயர் வரைக்கும் அது என்ன பட்டியல் என்று எனக்கு விளங்கவில்லை, கூட்டத்துக்கு வருபவர்கள் என்று நினைத்தேன்.

பதினொன்றாவதாக அவர் பனிவேந்தன் என்றார்.

"திரும்பச் சொல்லுங்கோ," என்றேன்.

"பனிவேந்தன். பனி, வேந்தன். எழுதினீரோ? எல்லாரும் இந்தக் கிழமை முடிஞ்ச ஆக்கள், தங்கச்சி."

"ஆமியோ அண்ணை?"

 லைனில் கடல் இரைவதுபோல ஒரு சத்தம்.

"ஆமி இல்லை. மற்ற இயக்கம். எங்களை முழுக்க முடிச்சுப்போட்டாங்கள். அப்பாட்டைச் சொல்லும், அவருக்கு விளங்கும்."

பிறகு இன்னும் ஆறு பெயர்கள் சொன்னார். நான் எழுதினேன். எழுத்து ஒன்றும் கோணவில்லை. கோணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

அம்மா உடுப்புக் கூடையோடு உள்ளே வந்தார். மெட்ராஸிலிருந்து செய்தி, மற்ற இயக்கம் சுட்டதாம் என்று சொல்லிக் கொப்பியைக் கொடுத்தேன்; ஒருத்தருக்கும் சொல்லாதே என்ற மாமாவின் சொல்லை நினைத்து, பதினொன்றாவது பெயரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அம்மா உடனே பொறுப்பாளருக்கும் பெற்றோல் செட்டுக்கும் போன் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். அப்பா வேலை உடுப்போடு நின்றார்.

"இது பொய்," என்றார் அப்பா. "எங்களைப் பிரிக்க அரசாங்கம் கட்டிவிட்ட கதை. எங்கட பெடியள் எங்கட பெடியளைச் சுடுவாங்களோ?"

பொறுப்பாளர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "உண்மை அண்ணை. நானும் வேற இடத்தில கேட்டிட்டன். ஆக்களைப் பிடிச்சு, வரிசையில விட்டுச் சுட்டிருக்கிறாங்கள்."

அம்மா கேட்டார்: "தம்பியின்ர பேர் இதில இல்லைத்தானே?"

"இதெல்லாம் இயக்கப் பேர் அக்கா. உங்கட தம்பிக்கு என்ன பேர் எண்டு தெரியுமோ?"

"தெரியாது. அவன் சொல்லேல்லை."

"அப்ப ஒண்டும் சொல்ல ஏலாது. அவர் காட்டுப் பக்கம் நிண்டவர் எண்டு கேள்வி. தப்பியிருப்பார்."

நான் கதவடியில் நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

"சின்னப்பிள்ளைக்கு முன்னால இதுகளைக் கதைக்காதேங்கோ. நீ மேல போ."

அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆளை அப்பா மேலே அனுப்பிவிட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது பிழை. இன்று என் பிள்ளைகள் கதவடியில் நின்றால், நான் பேச்சை நிறுத்தி, என்ன என்று கேட்கிறேன்.

மேல்படியில் இருந்து கேட்டேன். ரைப்ரைட்டர் சத்தம் தொடங்கியது. ஒரே சீராக ஓடிய சத்தம் ஓரிடத்தில் நின்றது. அம்மாவின் குரல் வந்தது.

"பனிவேந்தன். வடிவான பேர். எந்தத் தாய் பெத்த பிள்ளையோ, பாவம்."

பிறகு திரும்பத் தட்டத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தத் தாளை மடித்தேன். மடிப்பு சரியாகப் பதினொன்றாவது பெயருக்கு மேலால் போனது. விரல் நகத்தால் அழுத்தி அழுத்தி மடித்தேன். பின்னேரம் என் கையைப் பார்த்த அம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டார். மை போகவில்லை.

அப்பா கடைப்பக்கம் ஒருவரும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போனேன். ஏன் அம்மாவிடம் போகாமல் அங்கே போனாய் என்று பிற்காலத்தில் என் கணவர் கேட்டிருக்கிறார். பாரத்தை யாரிடம் இறக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் அது சரி என்றுதான் சொல்வேன்.

கடையில் ஒரு பெண் பயத்தங்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். கடைக்கார அண்ணை என்னைக் கண்டதும் எள்ளுருண்டைப் போத்தலுக்குக் கையை நீட்டினார்.

"என்ன குஞ்சு, அப்பா விட்டவரோ?"

"எனக்கு உருண்டை வேண்டாம். ஒரு கேள்வி கேக்கவேணும். உங்கட ஆக்கள் ஏன் எங்கட ஆக்களைச் சுட்டவை?"

பயத்தங்காய் பொறுக்கிய பெண் நிமிர்ந்து பார்த்தார். அண்ணை போத்தலை மூடினார்.

"அது பெரிய விஷயம் பிள்ளை. துரோகம் செய்தா தண்டனை இருக்கும். உனக்கு இப்ப விளங்காது. வளர விளங்கும்."

"பனிவேந்தன் எண்டு ஒராள். அவர் என்ன துரோகம் செய்தவர்?"

"எனக்கென்னெண்டு தெரியும்? எத்தினையோ பேர்."

"அவர் என்ர மாமா. அம்மாவின்ர தம்பி. அந்தப் பேரை வைச்சது நான்."

அவருடைய முகம் எனக்கு முன்னால் மாறியது. அதற்கு முன்பு ஒரு பெரிய மனிதரின் முகம் அப்படி மாறுவதை நான் பார்த்ததில்லை. தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்."

அவர் அந்தப் பெண்ணை வெளியே போகச் சொன்னார். பட்டப்பகலில் கடையைப் பூட்டினார். என் கையைப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன், ஆனால் பக்கத்தில் நடந்தேன்.  எங்கள் தெரு திரும்பும் இடத்தில் அவர் நின்று, கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்தார்.

அம்மா கதவைத் திறந்தார். அவரைக் கண்டதும் முகம் கல்லானது.

"அக்கா, பிள்ளை ஒரு விஷயம் சொல்லுது. தயவுசெய்து கேளுங்கோ."

நான் சொன்னேன். பனி, கடிதம், பெயர், எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொன்னேன். அம்மா கதவுப்பிடியை விடவில்லை.

"எத்தினையாவது பேர்?"

"பதினொண்டு."

அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "நான் தட்டினனான்," என்றார். "ஒரு எழுத்துப் பிழையும் விடாமல் தட்டினனான்."

கடைக்கார அண்ணை, "அக்கா, நான்..." என்று தொடங்கினார்.

"நீங்கள் சுடேல்லை. அது எனக்குத் தெரியும். ஆனா சுட்டது சரி எண்டு ரெண்டு நாளாய்க் கடையில நிண்டு சொல்லிக்கொண்டிருக்கிறீங்கள். அதுவும் எனக்குத் தெரியும். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டதுக்கு நன்றி. இனி இஞ்ச வராதேங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவே இல்லை.

அப்பா வேலையால் வந்ததும் நம்பவில்லை. "கடிதம் எங்க? காட்டு பாப்பம்," என்றார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அதை நூலகத்துக்குக் கொண்டுபோனது நீங்கள்தான் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொன்னதில்லை. போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தபோதும் அது என்னிடமே இருந்தது.

அம்மா மட்டும் என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அவன் எழுதினதைச் சொல்லு. உன்ர சொல்லில வேண்டாம். அவன்ர சொல்லில." வெயில், வேர்வை, ஒருக்கால் குளிருது, மாத்தமாட்டன், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியமுதலே அழுகை வந்துவிட்டது. "இது அவன்தான்," என்றார். "அவன்ர கதைதான்."

ஆவணி மாதம் அங்கிருந்து தப்பி லண்டனுக்கு வந்த ஒரு பெடியன் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னான். மாமாவும் அவனும் ஒரே முகாம். அப்பா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் இருந்தார், வேலைக்கு நேரமாகியும் எழும்பவில்லை. பிறகு முன்னறைக்குப் போய், தலைவர்கள் கைகோத்து நிற்கும் அந்தப் படத்தை உரித்தார். கடுதாசியோடு சுவர்த்தாளும் சேர்ந்து கிழிந்து வந்தது. வாடகை வீடு என்பதை அன்றுதான் அவர் மறந்தார்.

ஊரில் எங்கள் இயக்கம் ஒரு கிழமையில் முடிந்தது. லண்டனில் முடிய ஒரு மாதம் எடுத்தது. ரோனியோ மெஷினைக் கவுன்சில் குப்பை வண்டி ஏற்றிக்கொண்டு போனது. பொறுப்பாளர் சோதனை எழுதிப் பாஸ்பண்ணினார். இப்போது பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார், கண்டால் சிரிப்பார், அந்தக் காலம் பற்றிக் கதைக்கமாட்டார். நாலைந்து வருஷத்தில் அப்பாவும் மிஞ்சிய இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். "வேற ஆர் இருக்கினம்?" என்றார். அம்மா தடுக்கவுமில்லை, கூடப் போகவுமில்லை.

அம்மா அந்தப் புரட்டாதியிலேயே ஆங்கிலத் தட்டச்சு வகுப்பில் சேர்ந்தார். முன்னறைக்கு ஒரு பச்சை சோபா வாங்கினார். அப்பா ரெண்டு வருஷம் என்று தொடங்கியபோது, "நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்," என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். பிறகு உள்ளூர் கவுன்சிலில், வீடு கொடுக்கும் பகுதியில் வேலை கிடைத்தது. ஊரிலிருந்து வந்து இறங்கிய எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். எந்த இயக்கம் என்று ஒருவரையும் கேட்டதில்லை. என்னையும் அந்த வழியிலேயே கொண்டுபோனார். முப்பது வருஷமாக நான் மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர்களிடமும் ஆஸ்பத்திரிகளிலும். பெயர்களை நான் பிழையாக எழுதுவதில்லை. என் தொழிலில் என்னைவிடத் திறமான ஆள் இந்த நகரத்தில் குறைவு, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மிஞ்சிய அந்தப் பெரிய இயக்கமும் இருபத்தைந்து வருஷம் நெருங்க ஒரு கடற்கரையில் முடிந்தது. அது உங்களுக்குத் தெரியும். அப்போது லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியை மறித்து நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன். அந்தக் கடற்கரையில் செத்துக்கொண்டிருந்த சனம் எங்கள் சனம், அதில் எனக்கு வேறு எண்ணம் வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், கோயிலில் யாரோ சொல்லி ஒரு இளைஞன் அம்மாவைத் தேடி வந்தான். அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் எழுதவேண்டும். அம்மா அப்போது வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார், இருந்தாலும் இப்படி வருபவர்களை விடுவதில்லை. நான் ஆங்கிலத்தில் எழுத, அவன் சொல்லிக்கொண்டு வந்தான். பெரிய இயக்கத்தில் இருந்தவன். இடது காதால் கேட்காது. எல்லாம் முடியும் நேரம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"அம்மா, உங்கட தம்பியும் இயக்கத்தில இருந்தவராம் எண்டு கோயில்ல சொல்லிச்சினம். வீரச்சாவு எந்தச் சண்டையில?"

அம்மா மறைக்கவில்லை. "சண்டையில இல்லை தம்பி. உங்கட ஆக்கள்தான் சுட்டவை. நிராயுதபாணியாய் நிண்டவனை," என்றார்.

அவன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கதவைப் பார்த்தான். "அப்ப ஏன் எனக்குச் செய்யிறீங்கள்?" என்றான். 

"எத்தினை வயசு உமக்கு?"

"இருபத்திமூண்டு."

அம்மா கணக்குப் பார்த்தார், விரல் மடிக்காமல், மனதுக்குள். "நீர் அப்ப பிறக்கவே இல்லை," என்றார். "இரும். மூண்டாம் பக்கத்தில கையெழுத்து வைக்க மறந்திட்டீர்."

அவன் இருந்தான். அவன் பேனையை ஊன்றியதும் தாள் வழுக்கியது. தாள் நகராமல் நான் ஒரு மூலையைப் பிடித்தேன், அம்மா மற்ற மூலையைப் பிடித்தார்.